நிக்கோல் டேவிட்: ஒன்பது ஆண்டு உச்சியில் இருந்தவரைப் பற்றி உங்கள் கேள்விகள்

மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டின் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அவர் ஆடிய காலம் முழுக்கப் பின்தொடர்ந்தவன், மாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கிள்ளான்காரன்: அண்ணே, நான் ஸ்குவாஷ் பார்க்க ஆரம்பித்தபோதே அவர் உலக நம்பர் ஒன். அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1983 ஆகஸ்டில் பினாங்கில் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனர். மூன்று பெண்களில் கடைக்குட்டி. அக்காமார் ஸ்குவாஷ் ஆடப் போக, இவரும் ஐந்து வயதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். 1998-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. பதினைந்து வயதில் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டே உலக ஜூனியர் பட்டம். 2001-ல் சொந்த ஊரான பினாங்கிலேயே அதை மறுபடி வென்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தப் பட்டத்தை இரண்டு முறை வென்றதில்லை. இடையில் 2000-த்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

வேணி_ஈப்போ: அப்படி இங்கேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் ஆம்ஸ்டர்டாம் போனார் சார்? இங்கே பயிற்சியாளர் இல்லையா?

இங்கே பயிற்சியாளர்கள் இருந்தார்கள். உலக ஜூனியர் பட்டம் இரண்டும் இங்கே கிடைத்த பயிற்சியில் வந்தவைதான். ஆனால் ஜூனியரில் ஜெயிப்பது வேறு, பெரியவர்கள் சுற்றில் ஜெயிப்பது வேறு. 2002 பூசான் ஆசியப் போட்டி இறுதியில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். அது அவரை ரொம்பவே உலுக்கியது. சில மாதம் ஆட்டத்தை விட்டே ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்தபோது எடுத்த முடிவுதான் ஆம்ஸ்டர்டாம். உலகத் தரவரிசையில் ஒரு காலத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆஸ்திரேலியர் லிஸ் இர்விங் அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2003-ல் அவரிடம் சேர்ந்தார்.

பத்தொன்பது, இருபது வயதில் குடும்பத்தை விட்டு, குளிர் நாட்டில் தனியாக இருந்து, தெரிந்த ஆட்டத்தையே மறுபடி அடியிலிருந்து கட்டுவது சாதாரண விஷயம் இல்லை. அதுவரை அவர் ஓடி ஓடிப் பந்தைத் திருப்புகிற ஆட்டக்காரர். இர்விங்கிடம் போன பிறகுதான் பந்து பின்சுவருக்குப் போகும் முன்பே நடுவில் மறித்து, தரையில் படும் முன்பே வாலியில் அடித்து, எதிராளிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்காத ஆட்டம் வந்தது. இரண்டே ஆண்டில் பலன் கிடைத்தது. 2005 இறுதியில் ஹாங்காங்கில் ரேச்சல் கிரின்ஹாமைத் தோற்கடித்து முதல் உலகப் பட்டம், 2006 ஜனவரியில் முதல்முறையாக நம்பர் ஒன். அடுத்த உலகப் பட்டத்தை பெல்ஃபாஸ்டில் ரேச்சலின் தங்கை நடாலியை இறுதியில் தோற்கடித்து வென்றார்.

கோர்ட்_நம்பர்_3: அவர் உயரம் 152 செ.மீ.தான். பந்தை முரட்டு வேகத்தில் அடிக்கிறவரும் இல்லை. அப்புறம் எப்படி ஒன்பது வருஷம்? எதிரே ஆள் இல்லாத காலமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. கிரின்ஹாம் சகோதரிகள், நெதர்லாந்தின் வனெஸ்ஸா அட்கின்சன், இங்கிலாந்தின் ஜென்னி டன்காஃப், லாரா மஸாரோ, அப்புறம் எகிப்திலிருந்து அலை அலையாக வந்த பெண்கள். இத்தனை பேரையும் சமாளித்துத்தான் 2006 ஆகஸ்ட் முதல் 2015 ஆகஸ்ட் வரை ஒரு மாதம்கூட விடாமல் முதலிடத்தில் இருந்தார்.

எப்படி என்றால், கால். ஒரு ஆட்டத்தில் பந்தையே பார்க்காமல் அவர் காலை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். கோர்ட்டின் நடுவே கோடுகள் சந்திக்கும் இடத்தை டி என்போம். அடித்த கையோடு அங்கே திரும்பிவிடுவார். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் அதே கணத்தில் இரண்டு பாதமும் தரையிலிருந்து துளி எழும்பி இறங்கும். அந்தச் சின்னக் குதிதான் எல்லாம். இறங்கும்போதே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். முன்மூலையில் டிராப், அதாவது மெல்லத் தட்டிவிட்ட பந்து, விழுந்தால் கடைசி அடியை நீளமாக எடுத்து வைத்து, முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்தபடி பந்தை எடுப்பார். முதுகு நிமிர்ந்திருப்பதால் அந்தக் காலையே தரையில் உந்தி உடனே பின்னால் வந்துவிடலாம். குனிந்து எடுப்பவருக்கு நிமிரவே அரை நொடி போகும். அந்த அரை நொடியில்தான் மற்றவர்கள் புள்ளியை இழந்தார்கள்.

என் பிள்ளைகள் மட்டை பிடிப்பது எப்படி, வேகமாக அடிப்பது எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். பந்தே இல்லாமல் கோர்ட்டின் ஆறு இடங்களுக்கும் ஓடித் திரும்பும் கோஸ்டிங் பயிற்சியை யாரும் விரும்புவதில்லை. நிக்கோலின் ஆட்டத்தைத் தாங்கி நின்றது அந்தச் சலிப்பான பயிற்சிதான் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணைப் பறிக்கும் ஷாட் அவரிடம் குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, குறைவுதான். ஆனால் எதிராளியின் கண்ணைப் பறிக்கும் ஷாட் நாலாவது முறையும் திரும்பி வந்தால், ஐந்தாவது முறை அவர் அதை முன்சுவரின் அடியில் உள்ள தகரத்தில், அதாவது டின்னில்தான் அடிப்பார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2008-ல் பெண்கள் சுற்றில் புள்ளி முறையே மாறியது. அதற்கு முன் சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி, ஒன்பது எடுத்தால் கேம். பிறகு எந்த ராலியை, அதாவது பந்து மாறி மாறிப் போகும் ஒவ்வொரு மோதலையும், யார் வென்றாலும் புள்ளி, பதினொன்றுக்கு கேம். பழைய முறை தாக்குப்பிடிப்பவர்களுக்குச் சாதகம் என்பார்கள். புதிய முறையில் இவர் கதை முடிந்துவிடும் என்று பேச்சு இருந்தது. முடியவில்லை. 2008 முதல் 2012 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டம். 2011-ல் ராட்டர்டாமில் டன்காஃபை இறுதியில் வென்றது அவருடைய ஆறாவது. ஆஸ்திரேலியாவின் சாரா ஃபிட்ஸ்ஜெரால்டின் ஐந்து பட்டச் சாதனை அன்றைக்கு முறிந்தது.

மதுரைவாசி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள் சார்?

2014 டிசம்பர், கெய்ரோ, உலகப் பட்ட இறுதி. எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சொந்த நாட்டுக் கூட்டம். அதே ஆண்டு மார்ச்சில், பினாங்கிலேயே நடந்த உலகப் போட்டியில், தன் ஊர் சனங்கள் முன்னால் அரையிறுதியில் நிக்கோலைத் தோற்கடித்ததும் இந்த ரனீம்தான். அந்தத் தோல்வியை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் கெய்ரோ ஆட்டம் முழுசாகப் புரியும்.

ரனீம் கையில் மந்திரம் உண்டு. எங்கிருந்தும் பந்தை நிக்கில், அதாவது சுவரும் தரையும் சேரும் இடுக்கில், விழ வைப்பார். விழுந்தால் பந்து எழும்பாது. முதல் கேம் ரனீமுக்கு, இரண்டாவது நிக்கோலுக்கு, மூன்றாவது மறுபடி ரனீமுக்கு, நான்காவது நிக்கோலுக்கு. ஐந்தாவதில் 10-6. ரனீமுக்கு வேண்டியது ஒரே ஒரு புள்ளி, வாய்ப்போ நான்கு.

அங்கிருந்து நிக்கோல் வித்தியாசமாக எதுவும் செய்யவில்லை. என்னை அசர வைப்பது அதுதான். பதற்றத்தில் பெரிதாக ஒரு அடி அடிக்கவில்லை. பின்மூலைக்கு நீளமாக, சுவரை ஒட்டி, மறுபடி நீளமாக. வழக்கமான ஆட்டம், கொஞ்சமும் தளராமல். 10-10 ஆனது. கடைசியில் 14-12. எட்டாவது உலகப் பட்டம். அதுதான் அவருடைய கடைசி உலகப் பட்டமும்.

புதுஆட்டக்காரி: அதற்கு அப்புறம் சட்டென்று கீழே வந்துவிட்டாரே. என் அக்கா சொல்வார், வயசாகிவிட்டது என்று. அவ்வளவுதானா காரணம்?

வயதும் ஒரு காரணம்தான். முப்பத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தார், இருபது வருடத்துக்கு மேலாக ஓடிய கால். ஆனால் உங்கள் அக்காவிடம் டின்னைப் பற்றியும் சொல்லுங்கள். முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டை. பந்து அதில் பட்டால் புள்ளி போச்சு. பெண்கள் சுற்றில் அதன் உயரம் 19 அங்குலமாக இருந்தது. ஆண்கள் பெண்கள் சுற்றுகள் ஒரே சங்கத்தின் கீழ் வந்த பிறகு, 2015 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து ஆண்களைப் போலவே 17 அங்குலம் ஆக்கினார்கள்.

இரண்டு அங்குலம் என்ன பெரிசு என்று தோன்றும். முன்சுவரில் இரண்டு அங்குலம் கீழே பட்ட பந்து, முன்மூலையில் அவ்வளவு சீக்கிரம் செத்துவிடும். அதுவரை ஓடிப்போய் எடுத்துவிடக்கூடிய டிராப் இப்போது எடுக்க முடியாத டிராப் ஆகிறது. அதனால் முன்னால் வந்து அடிப்பவர்களுக்குத் துணிச்சல் கூடியது, துரத்தி எடுப்பவர்களின் வேலை கடினமானது. அந்தச் செப்டம்பரிலேயே ரனீம் முதலிடத்துக்கு வந்தார். டின்னால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ரனீம் சில ஆண்டுகளாகவே நெருங்கிக்கொண்டிருந்தார், அந்த இடத்துக்கு முழுத் தகுதி உள்ளவர். ஆனால் நிக்கோலின் பலம் எதுவோ அதன்மேல்தான் அந்த மாற்றம் விழுந்தது.

அதன்பிறகும் நான்கு வருடம் ஆடினார். தனக்குக் கீழே இருந்தவர்களிடம் முதல் சுற்றுகளில் தோற்றும், குறை சொல்லாமல் கை குலுக்கிவிட்டுப் போனார். 2019-ல் பிரிட்டிஷ் ஓப்பனோடு நிறுத்திக்கொண்டார். முதலிடத்தில் இருக்கும்போதே ஓய்வு பெற்றிருக்கலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த நான்கு வருடத்தின்மேல் தனி மரியாதை உண்டு.

சென்னைப் பையன்: எங்கள் ஜோஷ்னா சின்னப்பா இவரை ஜெயித்திருக்கிறார் என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள் சார்.

தாராளமாகச் சொல்லுங்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி, குழு அரையிறுதி. ஐந்து கேம் போன ஆட்டம். ஜோஷ்னா வென்றார், இந்தியா மலேசியாவைத் தாண்டி இறுதிக்குப் போனது. அதில் சுவையான விஷயம், சில நாள் முன்புதான் தனிநபர் அரையிறுதியில் தீபிகா பள்ளிக்கல் நிக்கோலிடமும், ஜோஷ்னா எங்கள் மலேசிய இளம் வீராங்கனை சிவசங்கரியிடமும் தோற்றிருந்தார்கள். சென்னைப் பெண்கள் குழுப் போட்டியில் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். மலேசியாக்காரனாக எனக்கு வருத்தம்தான், ஆனால் ஜோஷ்னாவின் மனஉறுதியை மெச்சாமல் இருக்க முடியாது. இன்னொரு செய்தி: சென்னை அகாடமியில் இந்திய அணியைப் பல ஆண்டு வழிநடத்திய மேஜர் மணியம் எங்கள் மலேசியாக்காரர்.

தைப்பிங்_மாமா: சிவசங்கரி அடுத்த நிக்கோல் ஆவாரா தம்பி?

அந்த 2018 தனிநபர் இறுதியில் நிக்கோலை எதிர்த்தவரே சிவசங்கரி சுப்பிரமணியம்தான், அப்போது பத்தொன்பது வயது. ஐந்து கேம் வரை இழுத்தார். நிக்கோலுக்கு அது ஐந்தாவது ஆசியத் தனிநபர் தங்கம், முதலாவதற்கும் இதற்கும் இருபது ஆண்டு இடைவெளி.

கெடா பெண்ணான சிவசங்கரிக்கு 2022-ல் கார் விபத்தில் கழுத்து எலும்பு முறிந்தது. அங்கிருந்து எழுந்து வந்து 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கமும், 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டமும் வென்றார் மாமா. அவர் அடிக்கும் விதமே வேறு, நிக்கோலைவிடத் தாக்கி ஆடுகிறவர். அவரை அவராகவே விடுவோம்.

கோர்ட்_நம்பர்_3: மறுபடி நான்தான். எல்லாக் காலத்திலும் இவர்தான் சிறந்தவரா?

பட்டத்தை எண்ணினால் ஆஸ்திரேலியாவின் ஹெதர் மக்கேயை யாரும் நெருங்க முடியாது. 1962 முதல் 1977 வரை பதினாறு பிரிட்டிஷ் ஓப்பன், ஒன்றுகூட விடாமல். ஆனால் பெண்களுக்கு உலகப் போட்டி தொடங்கியதே 1976-ல்தான், முழுநேரச் சுற்று என்று ஒன்று அவர் காலத்தில் இல்லை. இந்தப் பக்கம் எகிப்தின் நூர் எல் ஷெர்பினி 2025-ல் எட்டாவது உலகப் பட்டம் வென்று நிக்கோலைச் சமன் செய்துவிட்டார். கையில் திறமை என்று பார்த்தால் ஷெர்பினி. ஆண்டு முழுக்க, நாடு நாடாகப் பறந்து, வாராவாரம் தோற்காமல் இருப்பது என்று பார்த்தால் நிக்கோல். என் ஓட்டு நிக்கோலுக்கு.

வேணி_ஈப்போ: ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இல்லையே என்று என் அப்பா இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

எனக்கும் ஆறவில்லை. 2012 ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2016-க்கு கோல்ஃபையும் ரக்பியையும் சேர்த்தார்கள். 2020-க்கு மல்யுத்தம் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ஸ்குவாஷுக்காக முன்னால் நின்று பேசியவர்களில் நிக்கோலும் ஒருவர். ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்காகத் தன் உலகப் பட்டங்களைக் கொடுத்துவிடுவேன் என்ற பொருளில் சொன்னவர். 2023 அக்டோபரில் ஒலிம்பிக் குழுவினர் மும்பையில் கூடித்தான் 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு ஸ்குவாஷைச் சேர்த்தார்கள். அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து.

இரண்டு_பிள்ளை_அம்மா: என் மகளுக்கு ஒன்பது வயது. நிக்கோல் வீடியோ பார்த்துவிட்டு ஸ்குவாஷ்தான் வேண்டும் என்கிறாள். எப்படி ஆரம்பிப்பது?

முதலில் பந்து. கடையில் இரட்டை மஞ்சள் புள்ளி பந்தைத்தான் நீட்டுவார்கள். போட்டிகளில் ஆடுவது அது. பலமாக அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும், ஒன்பது வயதுக் கையால் முடியாது. பந்து எழும்பாமல் பிள்ளை வெறுத்துப்போகும். நீலப் புள்ளி பந்து வாங்குங்கள், பிறகு சிவப்பு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் அந்தப் பந்து கண்குழிக்குள் பொருந்தும் அளவு. தரையில் தடம் பதிக்காத அடிப்பாகம் உள்ள காலணி. மட்டை ரொம்ப விலையில் வேண்டாம்.

பயிற்சியாளரைத் தேடும்போது முதல் மாதத்தில் கால் வேலை சொல்லிக்கொடுக்கிறாரா என்று பாருங்கள். கோலாலம்பூரில் இருந்தால் நிக்கோலே தொடங்கிய நிக்கோல் டேவிட் அமைப்பு சிறுவர்களுக்கு ஸ்குவாஷோடு ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறது, விசாரித்துப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் போதும். மூன்றாவது நாளும் போகிறேன் என்று அவளே கேட்டால் அப்போது கூட்டிக்கொள்ளலாம்.