பில்சன் பீர் ஆலை: எந்த டிக்கெட் வாங்குவது?

கேள்வி: செக் நாட்டுக்குப் போகும்போது பில்சன் ஊரிலுள்ள பில்ஸ்னர் உர்குவெல் பீர் ஆலையைப் பார்க்க ஆசை. இணையத்தில் அந்தப் பெயரில் பல டிக்கெட்டுகள் விற்கிறார்கள். எது சரி? குழந்தைகளும் வருகிறார்கள், வாடகைக் காரில் போகலாமா?

பதில்: பணம் கட்டும் முன் டிக்கெட்டில் எந்த ஊர் என்று பாருங்கள். ப்ராக் என்றிருந்தால் அது 2023-ல் நகர மையத்தில் திறந்த கண்காட்சி. ருசி பார்க்கலாம், ஆனால் பீர் காய்ச்சும் இடம் அதுவல்ல. பில்சன் பழைய ஊரிலுள்ள பீர் அருங்காட்சியகமும் ஆலை அல்ல. உங்களுக்கு வேண்டியது பில்சன் ஆலைச் சுற்று. நிலவறை அதில் சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கொடுக்கும் காசுக்கு உண்மையான பலன் அங்கேதான்.

1842 அக்டோபர் 5 அன்று பீர் காய்ச்சும் வல்லுநர் யோசெப் க்ரோல் முதல் ஈடு காய்ச்சிய ஆலை இது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்துத் தாமிர அண்டாவில் கொதிக்கவைத்து மீண்டும் கலக்கிறார்கள். இப்படி மூன்று முறை. அந்த பீரின் அடர்த்தியான மால்ட் சுவை இதில்தான் வருகிறது. கடைசியில் நிலவறையில் ஓக் பீப்பாயிலிருந்து நேரே ஊற்றித் தருவார்கள். கலங்கலாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். வடிகட்டாத, பாஸ்டரைஸ் செய்யாத பீர் அது, மிதப்பது ஈஸ்ட். வெளியே சாதாரணக் கடைகளில் இது எளிதில் கிடைக்காது.

கோடையிலும் உள்ளே நன்றாகக் குளிரும், தரையும் ஈரம். ஸ்வெட்டரும் வழுக்காத ஷூவும் அவசியம். சுற்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். மொழிவாரியாகக் குழு பிரிப்பதால் உங்களுக்குப் புரியும் மொழியில் நேரம் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நேரில் போய் நின்றால் செக் மொழிக் குழு மட்டுமே மிச்சமிருக்கலாம். பிள்ளைகள் வரலாம், 18 வயதுக்குக் கீழ் பீர் கிடையாது.

கார் வேண்டவே வேண்டாம். அந்த நாட்டில் ஓட்டுபவர் இரத்தத்தில் ஆல்கஹால் சிறிதும் இருக்கக் கூடாது. ஒரு கிளாஸ் குடித்தாலும் குற்றம். ப்ராகிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பில்சன் ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு நடந்தே போய்விடலாம்.

கேள்வி: அங்கிருந்து பீர் வாங்கி வந்தால் ருசி நிற்குமா?

பதில்: டின்னில் வாங்குங்கள். வெளிச்சம் பட்டால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் வந்துவிடும். பச்சை பாட்டில் அதைத் தடுக்காது. பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். வடிகட்டாத பீரை நீண்ட பயணத்துக்கு வாங்காதீர்கள், குளிர்ச்சி விட்டால் சீக்கிரம் கெடும். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லாததால் டின்களைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். உங்கள் நாட்டுச் சுங்க வரம்பையும் பார்த்துக்கொண்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.