மிடியிலிருந்து அனலொக் சின்த்துக்கு: காசை எதில் போடுவது? கேள்வி பதில்

கொக்குவிலிலிருந்து: அண்ணை, என்னட்ட யூ.எஸ்.பி. கீபோட் ஒண்டு இருக்கு. பாவிச்ச பெரிங்கர் மொடல் டி ஒண்டு விலைக்கு வந்திருக்கு. ரெண்டையும் இணைக்க ஆகக் குறைஞ்ச விலையில எந்த மிடி சி.வி. கொன்வேர்ட்டர் வாங்கலாம்?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. மிடி என்பது எந்தக் கட்டை அமத்தப்பட்டது என்பதைக் கருவிகள் இலக்கத்தில் சொல்லும் முறை, சி.வி. என்பது அதையே வோல்ற்றாகச் சொல்லும் முறை, கொன்வேர்ட்டர் முதலாவதை இரண்டாவதாக மாற்றும் பெட்டி. மொடல் டி என்ற அனலொக் சின்த்தில் (சின்தசைசரில்) ஐந்து முள் மிடி உள்ளீடும் யூ.எஸ்.பி.யும் கூடவே வருகின்றன. மூக் மதர்-32, கோர்க் எம்.எஸ்.-20 மினி ஆகியவற்றிலும் மிடி உள்ளீடு உண்டு. கொன்வேர்ட்டர் தேவைப்படுவது 1983இல் மிடி வருவதற்கு முந்திய சின்த்துகளுக்கும், மிடி இல்லாத, சட்டத்தில் பொருத்தும் யூரோறாக் மொடியூல்களுக்கும்தான். முதலில் சின்த்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

ஒரு தடங்கல் மட்டும் இருக்கிறது. யூ.எஸ்.பி. கீபோட்டை நேராக மொடல் டியின் யூ.எஸ்.பி.யில் செருகினால் சத்தம் வராது. இரண்டுமே கொம்பியூட்டரை எதிர்பார்த்து நிற்கும் சாதனங்கள், இரண்டில் ஒன்றாவது ஹோஸ்ற் ஆக, அதாவது கொம்பியூட்டர் போல மற்றதை இயக்குவதாக, இருக்க வேண்டும். நடுவில் கொம்பியூட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. கீபோட்டில் ஐந்து முள் மிடி அவுட் இருந்தால் ஒரு வயரோடு வேலை முடியும். இரண்டும் இல்லையென்றால், ஹோஸ்ற் பெட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு ஐந்து முள் அவுட் உள்ள பழைய கீபோட் ஒன்று கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது.

மானிப்பாயிலிருந்து: ஐயா, பழைய எம்.எஸ்.-20க்கு ஒரு கொன்வேர்ட்டர் கொழுவினன். சுரமெல்லாம் தாறுமாறாப் போகுது. கட்டையை அமத்தினா சத்தம் நிக்குது, விட்டாக் கத்துது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி பழுதில்லை. பெட்டி பேசும் முறை வேறு, சின்த் கேட்கும் முறை வேறு.

இன்றைய கொன்வேர்ட்டர்களில் பெரும்பாலானவை ஸ்தாயிக்கு 1 வோல்ற் முறையில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 83.3 மில்லிவோல்ற் ஏறும். பழைய கோர்க்கும் யமஹா சி.எஸ். வரிசையில் சிலவும் ஹேர்ட்ஸ்/வோல்ற் முறை. அங்கே ஒரு ஸ்தாயி ஏற வோல்ற்று இரட்டிக்க வேண்டும்: 1, 2, 4, 8. அதனால் உங்கள் பெட்டி 1இலிருந்து 2 வோல்ற்றுக்குப் போகும்போது ஒரு முழு ஸ்தாயி ஏறும். 2இலிருந்து 3க்குப் போகும்போது ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரைதான் ஏறும். 3இலிருந்து 4க்கு அதைவிடக் குறைவு, ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்திமம் வரை. மேலே போகப் போகச் சுரங்கள் நெருங்குவது போலக் கேட்டால் காரணம் இதுதான். திருகி ட்யூன் பண்ணி இதைச் சரிசெய்ய முடியாது. ஹேர்ட்ஸ்/வோல்ற் தரக்கூடிய கருவிதான் வேண்டும்.

கட்டையை விட்டால் கத்துவது கேற், அதாவது கட்டை அமத்தியதையும் விட்டதையும் சொல்லும் சைகை, அதன் பிரச்சினை. எம்.எஸ்.-20 எதிர்பார்ப்பது எஸ்-ட்ரிக், அதாவது கட்டை அமத்தும்போது அந்த வயர் கிரவுண்டோடு இணைய வேண்டும். உங்கள் பெட்டி அந்த நேரத்தில் 5 வோல்ற் அனுப்புகிறது. இதற்கு ஒரு பி.சி.547 ரான்சிஸ்டரும் ஒரு 10 கிலோஓம் றெசிஸ்ரரும் போதும். கேற் அவுட் 10 கிலோஓம் வழியாக பேஸுக்கு, எமிற்றர் கிரவுண்டுக்கு, கொலெக்டர் சின்த்தின் ட்ரிகர் உள்ளீட்டு முனைக்கு. கடையில் அதற்குப் பதிலாக 2என்3904 தந்தால் வாங்கலாம், ஆனால் கால் வரிசை நேரெதிர். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் 547இன் இடது கால் கொலெக்டர், 3904இன் இடது கால் எமிற்றர்.

இன்னொன்று: பழைய எம்.எஸ்.-20இன் சொக்கெற் 6.35 மி.மீ., மினியினுடையது 3.5 மி.மீ. வயரை அதற்கேற்ப எடுங்கள்.

நல்லூரிலிருந்து: அண்ணா, ரெடிமேட்டா வாங்கிறதெண்டா எதை வாங்கலாம்? எனக்குச் சோல்டர் பண்ணத் தெரியாது.

பதில்: கீபோட்டும் இல்லையென்றால் ஆர்ட்டூரியா கீஸ்ரெப் எடுங்கள் தங்கச்சி. 32 கட்டை, சீக்குவென்சர் (சுர வரிசையைத் தானே ஓட்டுவது), ஐந்து முள் மிடி, கூடவே பிற்ச் (சுருதி), கேற், மொட் (மொடுலேஷன்) என மூன்று சி.வி. வெளியீடு. ஸ்தாயிக்கு 1 வோல்ற்றோ ஹேர்ட்ஸ்/வோல்ற்றோ, கேற்றுக்கு எஸ்-ட்ரிக்கோ 5 வோல்ற்றோ 12 வோல்ற்றோ, எல்லாவற்றையும் அதன் மென்பொருளில் தெரிவு செய்யலாம். தனிக் கொன்வேர்ட்டர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் கீபோட் சும்மா வந்தது போலத்தான்.

கட்டை வாசிக்காமல் சீக்குவென்ஸ் மட்டும் ஓட்டுவதென்றால் கோர்க் எஸ்.கியூ.-1 போதும். இரண்டு சி.வி. சோடி உண்டு, இரண்டு சிறிய பற்றறியிலும் ஓடும், ஹேர்ட்ஸ்/வோல்ற்றும் தரும். கென்ரன் சோலோ என்ற தனிக் கொன்வேர்ட்டர் விலை கூட. மலிவு தேடுபவர் அதற்குப் போக வேண்டியது, பலவகைப் பழைய சின்த்துகள் வைத்திருந்தால் மட்டும்.

பாவித்ததை வாங்கும்போது மல்டிமீற்றர் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். பிற்ச் வெளியீட்டில் வைத்து ஸ்தாயிகளை ஒவ்வொன்றாக அமத்துங்கள். ஸ்தாயிக்கு 1 வோல்ற் முறையில் ஒவ்வொரு தாவலும் சரியாக 1 வோல்ற் இருக்க வேண்டும். 0.97 காட்டினால் அது 36 சென்ற் பிழை (ஓர் அரைச்சுரம் 100 சென்ற்), அரைச்சுரத்தில் பாதிகூட இல்லையென்றாலும் காதுக்கு நன்றாகத் தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து: அண்ணை, நான் கம்பஸ் மாணவன். ஆர்டுயினோ நானோ ஒண்டு கையில இருக்கு. நானே செய்யலாமா? என்ன சாமான் வேணும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் நானோ என்ற சிறு கொம்பியூட்டர் பலகையின் பி.டபிள்யூ.எம். (துடிப்பின் அகலத்தால் வோல்ற்றைக் காட்டும்) காலிலிருந்து பிற்ச் எடுக்கப் பார்க்காதீர்கள். 5 வோல்ற்றை 256ஆகப் பிரித்தால் ஒரு படி 19.5 மில்லிவோல்ற், அதாவது 23 சென்ற். எந்தப் பாட்டும் சுருதி சேராது. எண்ணை வோல்ற்றாக்கும் எம்.சி.பி. 4725 பலகை மலிவுதான், ஆனால் அது சப்ளை வோல்ற்றையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. யூ.எஸ்.பி.யின் 5 வோல்ற் கொஞ்சம் ஆடினால் உங்கள் சுருதியும் கூடவே ஆடும்.

எம்.சி.பி. 4822 வாங்குங்கள். 12 பிற், உள்ளேயே 2.048 வோல்ற் அளவுகோல், இரட்டிப்பு முறையில் 4.096 வோல்ற் வரை தரும். ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ற், அதுவே இதன் அழகு. 48 அரைச்சுரத்துக்கு 4000 படி. 1ஆம் கால் 5 வோல்ற், 7ஆம் கால் கிரவுண்ட், 5ஆம் கால் கிரவுண்ட். 2, 3, 4ஆம் கால்கள் முறையே நானோவின் 10, 13, 11க்கு. சுருதி 8ஆம் காலில் வரும். 1க்கும் 7க்கும் இடையில் 100 நானோபரட் கப்பாசிற்றர் ஒன்றைச் சிப்புக்கு ஒட்டினாற்போல வையுங்கள்.

மிடி உள்ளீட்டுக்கு 6என்138 ஒப்ரோகப்ளர் (வயர்த் தொடர்பில்லாமல் ஒளியால் சைகை கடத்தும் சிப்). டின் (ஐந்து முள் மிடி) சொக்கெற்றின் 4ஆம் முள் 220 ஓம் வழியாக அதன் 2ஆம் காலுக்கு, 5ஆம் முள் 3ஆம் காலுக்கு. அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு 1என்4148 டயோட், கோடு போட்ட பக்கம் 2ஆம் காலில். 8ஆம் கால் 5 வோல்ற், 5ஆம் கால் கிரவுண்ட், 6ஆம் காலிலிருந்து 5 வோல்ற்றுக்கு 1 கிலோஓம், அதே 6ஆம் கால் நானோவின் ஆர்.எக்ஸுக்கு (தரவு வாங்கும் கால்). 7ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சிப் மெதுவாகி 31,250 போட் வேகத்தில் தரவு கெடும். சுரம் விட்டுவிட்டு வருவதற்கு இது முக்கிய காரணம். புரோகிராம் ஏற்றும்போது ஆர்.எக்ஸ். வயரைக் கழற்றுங்கள்.

இனிக் கோட். சுர எண்ணை 83ஆல் பெருக்காதீர்கள். 48ஆவது சுரத்தில் 16 மில்லிவோல்ற் குறைந்து 19 சென்ற் தாழ்ந்திருக்கும். 1000ஆல் பெருக்கி, பிறகு 12ஆல் வகுங்கள். அந்தப் பெருக்கலை லோங் வகையில் செய்யுங்கள். நானோவின் இன்ற் எண் வகை 32,767க்கு மேல் தாங்காது, 33ஆவது சுரத்திலிருந்து குழம்பும். வெலோசிற்றி (கட்டை அமத்தும் வேகம்) 0 உடன் வரும் நோட் ஓனை நோட் ஓஃப் ஆக எடுங்கள், ரன்னிங் ஸ்ரேற்றஸையும் (அதே கட்டளை தொடரும்போது கட்டளை பைற்றை விட்டு அனுப்புவது) கையாளுங்கள். இந்த இரண்டையும் விட்டால் சுரம் தொங்கி நிற்கும். இந்தச் சிப் முழுப் பூச்சியத்துக்கு இறங்காது, சில மில்லிவோல்ற்றில் நிற்கும். ஆகவே ஆகக் கீழ்ச் சுரத்தை 0இல் வைக்காமல் 83 மில்லிவோல்ற்றில் தொடங்குங்கள்.

சாமான் ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சிப் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும் யாரிடமாவது சொல்லி விடலாம்.

சாவகச்சேரியிலிருந்து: ஆரோ போட்ட சேர்க்கிட்டைப் பாத்துச் செய்தன் அண்ணை. கீழ் ஸ்தாயி சரி, மேல போகப் போகச் சுருதி இறங்குது. ஆக மேல ஏறவே மாட்டனெண்டுது.

பதில்: இதில் இரண்டு வியாதி இருக்கிறது. ஏறவே மாட்டேன் என்பது, பெரும்பாலும் எல்.எம்.358 என்ற ஓப் அம்பை (வோல்ற்றைப் பெருக்கும் சிப்) 5 வோல்ற்றில் ஓட்டுவதால். அதன் வெளியீடு சப்ளையைவிட ஏறக்குறைய 1.5 வோல்ற் குறைவாக, 3.5இல் நின்றுவிடும். 12 வோல்ற் கொடுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, வெளியீட்டில் வரிசையாகப் போட்ட 1 கிலோஓம்மால். சின்த்தின் உள்ளீடு 100 கிலோஓம் என்றால் இரண்டும் சேர்ந்து வோல்ற்றைப் பிரிக்கும். 1 வோல்ற் 0.990 ஆகும், ஸ்தாயிக்கு 12 சென்ற் இழப்பு, நான்கு ஸ்தாயியில் 48. ஒரே பிற்ச்சை இரண்டு சின்த்துக்குப் பிரித்தால் இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். றெசிஸ்ரரை எடுத்தெறிய வேண்டாம், ஷோர்ட் ஆனால் சிப்பைக் காப்பது அதுதான். ஓப் அம்பின் பீட்பக் வயரை றெசிஸ்ரருக்குப் பின்னாலிருந்து, சொக்கெற் பக்கமிருந்து எடுங்கள். இழப்பை ஓப் அம்பே ஈடுசெய்யும்.

அளக்கும்போதும் கவனம். மலிவு மீற்றரை 20 வோல்ற் அளவில் வைத்தால் 10 மில்லிவோல்ற் படியாகத்தான் காட்டும், அது 12 சென்ற். 2 வோல்ற் அளவில் வைத்து 1 வோல்ற்றைப் பாருங்கள். கடைசித் திருத்தத்தை ட்யூனர் அப் வைத்து, சின்த் அரை மணித்தியாலம் சூடான பிறகு செய்யுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: கோயில் திருவிழாவில வாசிக்கிற இசைக்குழு எங்கட. அனலொக் சின்த்தில கமகம் பிடிக்கலாமா? பிற்ச் வீல் படிபடியாக் கேக்குது.

பதில்: பிடிக்கலாம். பிற்ச் வீல் அனுப்பும் தரவான பிற்ச் பெண்ட் 14 பிற்றாக, இரண்டு பைற்றில் வருகிறது. சில கொன்வேர்ட்டர்களும் பல இலவசக் கோட்களும் மேல் பைற்றை மட்டும் படிக்கின்றன. மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வைத்தால் 400 சென்ற் 128 படியாக, ஒரு படி 3 சென்ற்றாகிறது. மெதுவான அசைவில் அது நன்றாகத் தெரியும். இரண்டு பைற்றையும் படித்தால் 4822இல் ஒரு படி 1.2 சென்ற்றாகக் குறையும். மிச்சத்தை மழுப்ப, ஓப் அம்புக்கு முன்னால் 10 கிலோஓம் றெசிஸ்ரரை வரிசையாகவும், அதன் பின் 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றரைக் கிரவுண்டுக்கும் போடுங்கள். 1 மைக்ரோபரட் போட்டால் வேகமான பிருகாவில் சுரம் போய்ச் சேர நேரம் எடுத்து வழுக்கும்.

வீலின் வீச்சை இராகம் பார்த்து வையுங்கள். தோடியின் காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையில் ஆடுவது. காந்தாரக் கட்டையை அமத்திக்கொண்டு இரண்டு அரைச்சுரம் வீச்சு அளவாக இருக்கும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஜாரு இழுக்க ஏழு வேண்டும், ஆனால் அந்த வீச்சில் சின்ன அசைவுக்குக் கை நடுங்கும். அதற்கு வீலை விட்டு, சின்த்தின் கிளைடை (ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கும் வசதி) பாவியுங்கள். கொன்வேர்ட்டரில் லெகாட்டோவையும் போட்டு வையுங்கள், அடுத்த கட்டைக்குப் போகும்போது கேற் திரும்ப அடிக்காது.

காரைநகரிலிருந்து: லப்ரொப்போட யூ.எஸ்.பி.யில இணைச்சா உறுமல் வருது.

பதில்: சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு பக்கக் கிரவுண்டும் வளையமாகச் சேர்ந்தது. ஐந்து முள் மிடி வயருக்கு மாறினால் ஒப்ரோகப்ளர் இரண்டு பக்கக் கிரவுண்டையும் பிரித்துவிடும். இந்த உறுமலுக்காக எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள், பழைய சின்த்தின் உலோகப் பெட்டியில் கரண்ட் ஏறினால் உங்களைக் காப்பது அந்த முள்தான்.