கேட்டா சொல்றேன்: போட்டி கணக்க வட்ஸ்அப்ல போடலாமா சேர்?

போன இதழ்ல கணித ஒலிம்பியாட் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதத்துலயே இந்த தடவை பக்கம் நிறைஞ்சிருச்சு. வீட்டு உறுதி, சம்பள நிலுவைனு கேட்டு எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கட்டாயம் பாத்துருவோம்.

சேர், மகன் பத்தாம் ஆண்டு. ஸ்கூல்ல கணித ஒலிம்பியாட்னு ஒரு போர்ம் குடுத்து காசும் கட்ட சொல்லியிருக்காங்க. இது என்ன மாதிரி எக்ஸாம்? பாஸ் பண்ணினா கெம்பஸ் போக உதவுமா? அவங்க அப்பா, ஓ/எல் முடியட்டும் அப்புறம் பாக்கலாம்ங்கிறார்.
— ஒரு அம்மா, பொகவந்தலாவை

அம்மா, இதுல பாஸ், பெயில்னு ஒண்ணும் கிடையாது, அதனால வீட்டுக்காரர்கிட்ட முதல்ல அத சொல்லுங்க. கெம்பஸ் விசயம்னா ஒளிக்காம சொல்றேன், கெம்பஸுக்கு ஆள் எடுக்க பாக்குற ஏ/எல் இஸட் ஸ்கோர்ல இது ஒரு புள்ளியும் கூட்டாது. அதுக்காகன்னு அனுப்புறதா இருந்தா அனுப்பாதீங்க. பையனுக்கு கணக்கு கொப்பிய மூடி வச்ச பிறகும் அந்த கணக்கு மண்டைக்குள்ள ஓடுதுன்னா அனுப்புங்க.

இது படி படியா போற ஒரு விசயம். பெரும்பாலான நாடுகள்ல முதல் படி நிறைய பிள்ளைகள் எழுதுற, சின்ன விடை உள்ள பேப்பர். அதுல மேல வர்றவங்களுக்கு ரெண்டாவது படி, அங்க விடை மட்டும் போதாது, ஏன்னு எழுதி காட்டணும். அதுக்கும் மேல பயிற்சி முகாம், தெரிவு பரீட்சை, கடைசியா ஆறு பேர் நாட்டுக்காக சர்வதேச கணித ஒலிம்பியாட் போவாங்க. நம்ம நாட்டுல இத ஸ்ரீலங்கா ஒலிம்பியாட் மெதமெட்டிக்ஸ் ஃபவுண்டேஷன் பாத்துக்குது. அந்த சர்வதேச போட்டி 1959ல ருமேனியாவுல 7 நாட்டோட ஆரம்பிச்சது, இப்ப நூறு நாட்டுக்கு மேல வருது. ரெண்டு நாள், ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலம், மூணே மூணு கணக்கு. ஒரு கணக்குக்கு 7 புள்ளி, மொத்தம் 42. ஒரு கணக்குக்கு ஒன்றரை மணித்தியாலம்! நம்ம பிள்ளைகளுக்கு ஒன்றரை நிமிசத்துல ஒண்ணு போட்டு பழக்கம்.

முதல் படி பேப்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு, போட்டியோட விதிய வாசிக்காம உள்ள போக கூடாது. அமெரிக்காவுல ஏஎம்சினு ஒரு போட்டி, 25 கேள்வி 75 நிமிசம். சரியா போட்டா 6, பிழைன்னா 0, தொடாம விட்டா 1.5. அஞ்சு விடையில ஒண்ண கண்ண மூடிட்டு கீறினா சராசரியா கிடைக்கிறது 6ஐ அஞ்சால வகுத்தா வர்ற 1.2 தான். ஆக ஒண்ணும் தெரியாட்டி சும்மா விடுறதுதான் லாபம், ரெண்டு விடைய வெட்டிட முடிஞ்சா மூணுல ஒண்ணு, சராசரி 2, அப்ப கீறலாம். ஓ/எல் பேப்பர்ல எதையும் விடாதேன்னு சொல்லி சொல்லி வளத்த பிள்ளை இங்க வந்து எல்லாத்தையும் கீறிட்டு வரும். ஒவ்வொரு போட்டிக்கும் விதி வேற, அதனால போர்ம்மோட வர்ற தாள பையனோட உக்காந்து வாசிங்க.

ரெண்டாவது படி எப்படி இருக்கும்னு ஒரு ருசி காட்டுறேன். பலகையில 1 முதல் 10 வரை எழுதுங்க. ஏதாவது ரெண்டு எண்ண அழிச்சிட்டு அதுக்கு பதிலா அதுங்களோட வித்தியாசத்த எழுதுங்க. இப்படியே செஞ்சுகிட்டே போனா கடைசியில ஒரே ஒரு எண் மிஞ்சும். அது 0 ஆகுமா? பையன் பத்து தடவை செஞ்சு பாப்பான், 1 வரும், 3 வரும், 5 வரும், 0 வரவே வராது. "வரல சேர்"னு எழுதினா புள்ளி கிடையாது. ஏன் வராது? ரெண்டு எண்ணோட கூட்டுத்தொகை ஒற்றைன்னா வித்தியாசமும் ஒற்றை, கூட்டுத்தொகை இரட்டைன்னா வித்தியாசமும் இரட்டை. ஆக பலகையில உள்ள எல்லாத்தோட மொத்தம் ஒற்றையா இரட்டையாங்கிறது எத்தனை தடவை அழிச்சாலும் மாறாது. ஆரம்பத்துல மொத்தம் 55, ஒற்றை. கடைசியில மிஞ்சுறதும் ஒற்றை தான், 0 இரட்டை, முடிஞ்சிருச்சு. சூத்திரம் ஒண்ணும் இல்ல, ஆறாம் ஆண்டு பிள்ளைக்கும் விளங்கும், ஆனா ஏ/எல் பிள்ளையும் முழிக்கும். இத சொல்லி பாருங்க, பையன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்தா காச கட்டுங்க.

சேர், ஒரு கணக்கு போட்டி எழுதிட்டு வர்ற வழியில பஸ்லயே ஞாபகத்துல இருந்த அஞ்சு கணக்க டைப் பண்ணி எங்க குரூப்ல போட்டேன். எங்க மெத்ஸ் சேர் கூப்பிட்டு எல்லார் முன்னுக்கும் ஏசிட்டாரு. எக்ஸாம் தான் முடிஞ்சிருச்சே, இதுல என்ன பிழை?
— 12ஆம் ஆண்டு மாணவன், தலவாக்கலை

தம்பி, எல்லார் முன்னுக்கும் ஏசினது எனக்கு பிடிக்கல, ஆனா விசயத்துல அவர் பக்கம் தான் நியாயம். உனக்கு முடிஞ்சிருச்சு, எல்லாருக்கும் முடிஞ்சிருச்சான்னு உனக்கு தெரியுமா? ஆசிய பசிபிக் கணித ஒலிம்பியாட்னு ஒண்ணு மார்ச் மாசம் நடக்கும், 5 கணக்கு, 4 மணித்தியாலம், அந்தந்த நாட்டுலயே இருந்து எழுதுவாங்க. அமெரிக்க கண்டத்து பக்கம் திங்கட்கிழமை பின்னேரம், நம்ம பக்கம் செவ்வாய் காலையில. கிட்டத்தட்ட ஒரே நேரம் மாதிரி தான், ஆனாலும் நாட்டுக்கு நாடு மணித்தியால கணக்குல முன்ன பின்ன இருக்கும். நீ பஸ்ல இருந்து அனுப்பின மெசேஜ் இன்னொரு நாட்டுல ஹோலுக்குள்ள போக காத்துகிட்டு நிக்கிறவன் போன்ல விழ ஒரு நிமிசம் போதும். அதனால தான் அந்த பேப்பர்லயே அச்சடிச்சிருப்பாங்க, எங்க இணையதளத்துல நாங்க போடுற வரைக்கும் ஒன்லைன்ல எங்கயும் பேச வேணாம்னு. கேள்வி தாள்லயே எழுதியிருக்கும், நாம தான் கணக்க பாக்குற அவசரத்துல அந்த வரிய பாக்குறது இல்ல.

சர்வதேச ஒலிம்பியாட்ல இன்னும் ஒரு பூட்டு இருக்கு, பலருக்கு தெரியாது. நாடுகள் எல்லாம் கணக்கு அனுப்பும், நடத்துற நாட்டு குழு அதுல இருந்து ஏறத்தாழ முப்பத தெரிஞ்செடுக்கும், பிறகு எல்லா நாட்டு அணி தலைவர்களும் உக்காந்து அதுல 6 எடுப்பாங்க. அந்த ஆறு எக்ஸாம் முடிஞ்சதும் உலகத்துக்கு வந்துரும். மிச்சம் இருக்குதே, அது அடுத்த வருச போட்டி முடியுற வரைக்கும் வெளிய வர கூடாது. ஏன்னா பல நாடுகள் அந்த மிச்ச கணக்க வச்சு தான் அடுத்த வருச டீம தெரிவு செய்யுது. ஒருத்தன் வாய் தவறினா எங்கயோ இருக்குற ஒரு நாட்டோட தெரிவு பரீட்சை நாறி போயிரும்.

முன்கூட்டி கேள்வி வெளிய போனா என்ன ஆகும்னு நமக்கு யாரும் வெளிநாட்டு கதை சொல்ல தேவையில்ல. 2024ல அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில்ல மூணு கேள்வி வெளிய போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில அந்த மூணுக்கும் எல்லா பிள்ளைக்கும் புள்ளி குடுக்க வேண்டி வந்துச்சு. அந்த மூணையும் உண்மையிலயே யோசிச்சு போட்ட பிள்ளைக்கு என்ன மிஞ்சுச்சு சொல்லு.

ஆனா தம்பி, இதுக்கு பயந்து நீ கணக்கு பகிர்றத நிப்பாட்டிறாத. நடத்துறவங்க வெளியிட்ட பிறகு தாராளமா பகிரு, பகிரத்தான் வேணும். கொழும்புல, கண்டியில பெரிய ஸ்கூல்ல அண்ணன்மார் விட்டுட்டு போன பைல் இருக்கும், பயிற்சி வகுப்பு இருக்கும். நம்ம பக்கம் ஏ/எல் மெத்ஸ் டீச்சர் இல்லாத பாடசாலை எத்தனை. நான் படிப்பிக்க வந்த காலத்துல ஒரே ஒரு பழைய பேப்பர் கையில கிடைச்சு, கார்பன் தாள் வச்சு மூணு மூணா எழுதி மூணு தோட்டத்துக்கு குடுத்து விட்டேன், மூணாவது பிரதியில் வர்க்கத்துக்கு மேல போடுற குட்டி 2 எல்லாம் மங்கி ஒரு பிள்ளை அத சாதாரண 2னு வாசிச்சு ஒரு கிழமை மண்டைய உடைச்சுகிச்சு. இப்ப உன் போன்ல ஒரு தட்டு தட்டினா போதும்.

பகிரும்போது போட்டியோட பேர், வருசம், எத்தனாவது கேள்வினு போடு. கணக்குல உள்ள உண்மை யாருக்கும் சொந்தம் இல்ல, ஆனா கேள்விய எழுதின வசனத்துக்கும் அந்த தாளுக்கும் சொந்தக்காரர் உண்டு, பகிர விடுவாங்க, விக்க விட மாட்டாங்க. இலவசமா கிடைக்கிற பேப்பர போட்டோகொப்பி அடிச்சு மேல தன்னோட வகுப்பு பேர போட்டு பிள்ளைகளுக்கு வித்த ஒரு ஆள எனக்கு தெரியும், பேர் வேணாம், இத வாசிப்பாரு. அப்புறம் விடைய கேள்வியோட சேத்து அனுப்பாத. ரெண்டு நாள் விடு. விடை கண்ணுக்கு முன்னால இருந்தா எவனும் யோசிக்க மாட்டான், நானும் யோசிக்க மாட்டேன்.

ஐயா, நான் ஒரு சிறிய பாடசாலையில் கணித ஆசிரியை. நல்ல கணக்குகள் எல்லாம் ஆங்கிலத்தில் தான் இருக்கிறது. பிள்ளைகள் தமிழ்மொழி மூலம். மொழிபெயர்த்து கொடுத்தால் போட்டிக்கு உதவுமா, இல்லை குழப்பிவிடுமா?
— ஆசிரியை, பண்டாரவளை

டீச்சர், தாராளமா குடுங்க. சர்வதேச போட்டியிலயே பிள்ளை தனக்கு தெரிஞ்ச மொழியில தான் பேப்பர கேட்டு வாங்கும், அணி தலைவர்கள் ராவெல்லாம் உக்காந்து மொழிபெயர்ப்பாங்க. ஆங்கிலம் தெரியாதது கணக்கு தெரியாதது ஆகாது.

ஒரு விசயத்துல மட்டும் கவனம். நெட்ல கிடைக்கிற தமிழ் கணக்கு பெரும்பாலும் தமிழ்நாட்டு சொல்லுல இருக்கும். அவங்க பகா எண்ங்கிறது நம்ம பாடநூல்ல முதன்மை எண். அவங்களுக்கு முக்கோணம், நமக்கு முக்கோணி. இயற்கணிதம்னா நம்ம அட்சரகணிதம், வடிவியல்னா கேத்திரகணிதம். நாம பொ.ம.சி.னு சொல்றத அங்க மீச்சிறு பொது மடங்குனு சொல்வாங்க. ஒரு பொண்ணு என்கிட்ட வந்து "சேர் இந்த பகா எண்ங்கிற பாடம் எங்களுக்கு படிப்பிக்கவே இல்ல"னு அழுதுச்சு, முதன்மை எண்ணுல அது தான் வகுப்புல கெட்டிக்காரி! அதனால உங்க மொழிபெயர்ப்புல நம்ம பாடநூல் சொல்ல போடுங்க, பக்கத்துல ஆங்கில சொல்லையும் எழுதி வைங்க, நாளைக்கு ஏதாவது தேட வேணும்னா அது தான் கை குடுக்கும்.

இன்னொண்ணு, தனியா செய்யாதீங்க. 1894ல ஹங்கேரியில டேனியல் அரான்யினு ஒரு ஸ்கூல் வாத்தியார், தலைநகர்ல இல்ல, கியோர்ங்கிற ஊர்ல, பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு பத்திரிகை ஆரம்பிச்சாரு. மாசா மாசம் கணக்கு வரும், நாட்டுல எந்த மூலையில இருந்தும் பிள்ளைகள் விடைய தபால்ல அனுப்பும், நல்ல விடை பிள்ளையோட பேரோட அச்சாகும், பிறகு நல்லா போட்டவங்க படமும் வந்துச்சு. பின்னாடி உலகமே கொண்டாடின பால் ஏர்டிஷ் சின்ன வயசுல அதுல கணக்கு போட்ட பையன் தான். அந்த பத்திரிகை இன்னமும் வருது. உங்க வலயத்துல நாலு டீச்சர் சேந்து மாசம் ரெண்டு கணக்கு மொழிபெயர்த்து நாலு ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டினா ஆரம்பத்துக்கு அது போதும். விடை எழுதின பிள்ளை பேரையும் ஒட்டுங்க, அத மறந்துறாதீங்க.

மகள் கணக்குல 60, 65 தான் எடுக்கிறா, ஆனா போட்டிக்கு போகணும்னு நிக்கிறா. போய் 0 வாங்கினா மனசு உடைஞ்சிராதா?
— ஒரு அப்பா, மஸ்கெலியா

1988 சர்வதேச போட்டியில ஆறாவது கணக்கு ஒண்ணு வந்துச்சு. ரெண்டு நேர் முழு எண் எடுங்க, ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டுங்க. அத, ரெண்டோட பெருக்கத்தோட 1 கூட்டி வர்ற எண்ணால வகுங்க. மீதி இல்லாம போனா ஈவு கட்டாயம் ஒரு வர்க்க எண்ணுனு நிறுவணும். 2ம் 8ம் எடுத்து பாருங்க, 68ஐ 17ஆல வகுத்தா 4. அந்த வருசம் இத முழுசா போட்டவங்க 11 பேர். டெரன்ஸ் டாவோனு 13 வயசு பையன், இன்னைக்கு உலகத்துலயே பெரிய கணித மேதைகள்ல ஒருத்தர், அவருக்கு இதுல கிடைச்சது 7க்கு 1. அப்படியும் அந்த வருசம் தங்கம் வாங்கினாரு.

60 எடுக்கிற பிள்ளை தானா போகணும்னு நிக்கிறது 95 எடுக்கிறத விட எனக்கு பெரிசா தெரியுது. அனுப்புங்கண்ணே. என்ன மார்க்ஸ்னு கேக்காம, எந்த கணக்கு நல்லா இருந்துச்சுனு கேளுங்க.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்க ஒரு கணக்கு குடுங்க பாப்போம்!
— மூணு பேர், ஹட்டன் (கையெழுத்த பாத்தா ஒரே ஆள் மாதிரி இருக்கு)

இந்தாங்க. பதுளை ரயில், ஒரே வரிசையா 12 சீட். 5 பேர் ஏறுறாங்க, எல்லாருக்கும் ஜன்னல பாக்க கை கால் நீட்டணும், அதனால யாருக்கும் பக்கத்து சீட்டுல ஆள் இருக்க கூடாது. எந்த சீட்டுல யார்ங்கிறது வேணாம், எந்த 5 சீட் நிறையுதுங்கிறது மட்டும் பாருங்க. எத்தனை விதமா உக்காரலாம்? பெரிசா இருக்கேன்னு தோணினா 4 சீட்டும் 2 பேரும் வச்சு ஆரம்பிங்க, அதுல 3 விதம் வரும், எழுதியே பாத்துறலாம்.

எண்ண மட்டும் அனுப்பினா வாங்க மாட்டேன், ஏன்னு எழுதணும். அடுத்த இதழ் வர்ற வரைக்கும் விடைய யாரும் குரூப்ல போட கூடாது. தலவாக்கலை தம்பி, உன்னத்தான்.