டிராம் வண்டியும் தலைக்கட்டு வரியும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது டொராண்டோவில் வேலை. தினமும் ஸ்பாடினா சாலை டிராமில்தான் போய் வருகிறேன். நீளமான ஏசி வண்டி, படி ஏறாமலே உள்ளே போய்விடலாம். இந்த வண்டிகளை வாங்க நகரம், மாகாணம், மத்திய அரசு மூன்றும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு போட்டதாக உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். போன தடவை ஊருக்கு வந்தபோது நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் பழைய டவுன் பஸ் ஒன்றில் வந்தேன், அதன் ஆட்டம் இன்னும் இடுப்பில் இருக்கிறது. மாமாவிடம் கேட்டால் டெல்லி பணம் தருவதில்லை என்கிறார். சித்தப்பாவோ தந்ததைச் சென்னை முழுங்கிவிட்டது என்கிறார். கனடா மாதிரி மூன்று பங்காகப் போட்டால் நம் ஊரிலும் தீருமா?

ஒரு வாசகர், டொராண்டோ

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொன்னது திட்டமிட்ட கணக்கு. நடந்தது வேறு. நீங்கள் ஏறுகிற வண்டிக்கு 2009-ல் ஆர்டர் கொடுத்தார்கள். 204 வண்டிகள், பம்பார்டியர் கம்பெனி, எல்லாம் சேர்த்துச் சுமார் 120 கோடி டாலர். ஒன்டாரியோ மாகாணம் தன் மூன்றில் ஒரு பங்காக 41.6 கோடி தருவதாக ஒத்துக்கொண்டது. மத்திய அரசிடம் அதே அளவு கேட்டார்கள். அப்போது உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம், ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, ஓர் ஊக்க நிதியை அறிவித்திருந்தது, டொராண்டோ அதில்தான் விண்ணப்பம் போட்டது. அந்த நிதிக்கு நிபந்தனை, பணம் இரண்டு வருடத்துக்குள் செலவாகி உள்ளூரில் வேலைவாய்ப்பு உண்டாக வேண்டும் என்பது. டிராம்களோ வந்து சேரப் பத்து வருடம் ஆகும், அதுவும் செய்யப்போவது டொராண்டோவில் இல்லை, தண்டர் பே ஊரில். விதிக்குப் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டார்கள். போக்குவரத்து அமைச்சர் ஜான் பேர்டு இந்த விண்ணப்பத்தைப் பற்றித் தன் ஆட்களிடம் கெட்ட வார்த்தையில் எரிச்சல்பட்டது பத்திரிகைக்காரர் காதில் விழுந்து, அவர் மேயர் டேவிட் மில்லரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மன்னிப்பு வந்தது, பணம் வரவில்லை.

கம்பெனி சொன்ன விலைக்கு ஜூன் மாதக் கடைசி வரைதான் கெடு. அதைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. கடைசி நேரத்தில் நகர மன்றம் கூடி, வேறு சில வேலைகளைத் தள்ளிப்போட்டு, மத்திய அரசின் பங்கையும் தானே கட்டுவது என்று முடிவெடுத்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு நகரத்தின் தலையில். அந்த நகரத்துக்குச் சொந்த வருமானம் என்று பார்த்தால் பெரும்பாலும் வீட்டு வரியும் கட்டணங்களும்தான். வருமான வரி, விற்பனை வரி எல்லாம் மேலே இருக்கிற இரண்டு பேரிடம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்களே, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு பெரிய வீட்டுக்காரர் ஒருவர் 'எனக்கு இதில் இஷ்டமில்லை' என்று ஒதுங்கினால் கொடையை நிறுத்தவா முடியும்? யாருக்கு அது நடந்தே ஆக வேண்டுமோ அவர் கட்டுவார். டொராண்டோவில் பழைய வண்டிகள் 1970-களின் கடைசியில் வரத் தொடங்கியவை, துருப்பிடித்துக்கொண்டிருந்தன, மாற்றாமல் விட்டால் நாளைக்குத் தெருவில் நிற்கப்போவது டொராண்டோவின் ஜனங்கள்தான். ஒட்டாவாவுக்கு அந்த அவசரம் இல்லை. பங்குச் சதவீதத்தை யார் வேண்டுமானாலும் காகிதத்தில் எழுதலாம், அவசரம் யாருக்கோ அவருக்குத்தான் பேரம் பேசும் பலம் குறைவு. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் 2021-ல் இன்னும் 60 வண்டி வாங்கியபோது நிலைமை மாறியது. 56.8 கோடி டாலரில் மத்திய அரசு 18, மாகாணம் 18, நகரம் 20.8 கோடி. கிட்டத்தட்ட உங்கள் நண்பர் சொன்ன கணக்கு. நடுவில் ஒட்டாவாவில் ஆட்சி மாறியிருந்தது, விதி எதுவும் தானாகக் கனியவில்லை.

வண்டி விலையோடு செலவு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டொராண்டோவின் தண்டவாள அகலம் 1,495 மில்லிமீட்டர், உலகப் பொது அகலமான 1,435-ஐவிட அறுபது மில்லிமீட்டர் அதிகம், அதனால் வேறு ஊருக்குச் செய்த வண்டியை அப்படியே இறக்க முடியாது. பழைய வண்டி 15 மீட்டர், புதியது 30 மீட்டர், ஆகவே பழைய டெப்போக்கள் போதவில்லை. லெஸ்லி தெருவில் புது டெப்போ கட்டினார்கள், அதற்கே ஐம்பது கோடி டாலர் பக்கம் ஆயிற்று. பழைய வண்டி ஒற்றைக் கம்பை நீட்டி மின்சாரம் எடுத்தது, புதியதற்கு மேல்கம்பிகளையே ஊர் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. வண்டி கொடுப்பதில் கம்பெனி செய்த தாமதம் தனிக் கதை. முதல் வண்டி 2014 ஆகஸ்ட் 31 அன்று ஓடியது, உங்கள் ஸ்பாடினா வழியில்தான். 204-வது வந்து சேர்ந்தது 2020 ஜனவரியில்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. ஒரு காலத்தில் ஒன்டாரியோ மாகாணம் டொராண்டோ போக்குவரத்துக்கு முதலீட்டில் 75 சதவீதமும், ஓட்டுவதில் வரும் பற்றாக்குறையில் பாதியும் கொடுத்துக்கொண்டிருந்தது. மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் ஆட்சி 1990-களின் கடைசியில் அதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு இரண்டு சென்ட் என்று கொஞ்சம் திரும்பி வந்தது, முழுக்க அல்ல. புது வண்டி என்றால் மூன்று அரசும் ஓடிவந்து முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும். டிரைவர் சம்பளத்தை யார் படம் எடுப்பார்கள்? அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. வண்டி வாங்க மத்திய அரசு 80 சதவீதமோ அதற்குக் கொஞ்சம் மேலோ தரலாம், ஆனால் இரண்டு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரம் என்றால், சிறிய பஸ் சேவைகளைத் தவிர, தன் வழக்கமான நிதியை ஓட்டும் செலவுக்குத் தருவதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். உங்கள் பஸ் கதையில் மாநகராட்சிக்கு இடமே இல்லை. திருநெல்வேலி மாநகராட்சி பஸ் ஓட்டுவதில்லை. நம் அப்பாக்கள் 'கட்டபொம்மன்' என்று சொன்ன அந்தக் கழகம் இப்போது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மாநில அரசினுடையது. ஆகவே மூன்றாவது பங்காளியை இங்கே எங்கே தேடுவது? புது பஸ் என்றால் மாநில பட்ஜெட், அல்லது ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி போன்ற இடத்துக் கடன். டெல்லி பங்கு போட்ட காலமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதுவும் 2009-தான். ஒட்டாவா தன் ஊக்க நிதியில் டிராமுக்குப் பணம் இல்லை என்ற அதே வருடம், டெல்லி தன் ஊக்கத் திட்டத்தில் நகரங்களுக்குப் பஸ் வாங்கப் பணம் என்றது. அந்தப் பணம் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் பங்குக் கணக்கு சென்னைக்கு மத்திய அரசு 35 சதவீதம், மாநிலம் 15, கோவை மதுரைக்கு 50, 20. மீதி உள்ளூரின் தலையில் அல்லது கடனில். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டில் இந்த மூன்று ஊர்தான். நெல்லை இல்லை.

அதனால் உங்கள் மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை மாநிலத் திட்டமாகத்தான் நடந்தது, செலவில் சுமார் 90 சதவீதப் பொறுப்பு மாநிலத்தின் மேல். வேலை தொடங்கிவிட்டது, நிறுத்த முடியாது, ஆகவே கட்டினார்கள். டொராண்டோவும் சென்னையும் இதில் ஒரே ஜாதி.

ஆனால் மாமா கேட்கிற மாதிரி டெல்லி வெறுமனே பஸ் வாங்கிக் கொடுத்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். 2023-ல் அறிவித்த மத்திய அரசின் மின்பஸ் திட்டம் எனக்குக் கொஞ்சம் உருப்படியாகத் தெரிகிறது, அதில் பஸ் தனியாருடையது என்பதில் எனக்கு மனத்தாங்கல் இருந்தாலும். காரணம், அங்கே உதவி வண்டி விலைக்கு அல்ல, ஓடுகிற கிலோமீட்டருக்கு, பத்து வருடத்துக்கு. ஓடாத வண்டிக்குப் பணம் கிடையாது. டெப்போவில் நிறுத்திவைத்துத் திறப்புவிழாப் படம் மட்டும் காட்ட முடியாது.

தாமிரபரணி மேல் இருக்கிற நம் சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் திறந்தபோது அரசுப் பணத்தை எதிர்பார்க்காமல் அவர் தன் கைப்பணத்தைப் போட்டார் என்று பெருமையாகச் சொல்வோம். பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டதும் அகலப்படுத்தியதும் பொதுப்பணம், அதை யாரும் பேசுவதில்லை.

உங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று 2021-ல் அறிவித்த பிறகு அந்த வருமான இழப்பை மாநில அரசுதான் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. நீங்கள் ஊரில் ஏறியது கழக பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ தெரியாது, ஆனால் தினசரி ஓடும் செலவில் இங்கே பங்கு போடுகிற ஒரே ஆள் சென்னைதான். இதை மாமா முன்னாலேயே சித்தப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ராத்திரிச் சாப்பாடு வரை பேச்சு ஓடும்.