நூறு மில்லியனில் பதினைந்து பேர்: கேள்வி பதில்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும். ராத்திரியானால் இங்கிலாந்துக் கால்பந்து, பிரீமியர் லீக். அந்த லீக்கை வைத்து நடக்கிற ஃபேன்டஸி பிரீமியர் லீக்கை, அதாவது எஃப்.பி.எல்.லை, ஒன்பது சீசனாக விடாமல் ஆடுகிறேன். சீசன் தொடங்கினாலே "அண்ணே, காசு பத்தலை" என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளை ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆனையூர் அக்கா: எம்மகன் ராத்திரி ரெண்டு மணிக்கு போனை வச்சுக்கிட்டு "ஆள விக்கிறேன், ஆள வாங்குறேன்"ங்கிறான். என்னப்பா இது? காசு கீசு போகுமா?

காசு போகாதுக்கா, தூக்கம்தான் போகும். பையனை எனக்குத் தெரியும், எஃப்.பி.எல்.லில் நாங்கள் எங்களுக்குள் நடத்துகிற லீக்கில்தான் இருக்கிறான். ஆளுக்கு நூறு மில்லியன் பவுண்டு பொய்க்காசு கொடுப்பார்கள். அதற்குள் இரண்டு கோல்கீப்பர், ஐந்து டிஃபெண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு என்று பதினைந்து நிஜ வீரர்களை வாங்க வேண்டும். வாரா வாரம் அதில் பதினோரு பேரை இறக்க வேண்டும். மிச்ச நாலு பேர் பெஞ்சு; இறக்கினவர் ஆடாமல் போனால் வரிசைப்படி அவர் இடத்துக்கு வருவார்கள். அவர்கள் அங்கே நிஜமாக கோல் போட்டால் இங்கே இவனுக்குப் பாயிண்ட். கேப்டனாக ஒருவரை வைத்தால் அவர் பாயிண்ட் இரட்டிப்பு. சேர ஒரு பைசா கட்டணம் கிடையாது.

செல்லூர் தம்பி: அண்ணே, பெஞ்சுல இருக்கிற நாலு பேருக்கும் சேத்து எவ்வளவு ஒதுக்கணும்? எல்லாத்தையும் சல்லிசா எடுத்துப் போட்டுட்டா பெரிய ஆளுகளுக்குக் காசு மிஞ்சும்ல?

கடை எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் வருஷா வருஷம் நான் போடும் முதல் கணக்கே இதுதான். கீப்பரும் டிஃபெண்டரும் அடிவிலை 4.0 மில்லியன். மிட்ஃபீல்டரும் ஃபார்வர்டும் 4.5. பெஞ்சில் ஒரு கீப்பர், இரண்டு டிஃபெண்டர், ஒரு ஃபார்வர்டு என்று நாலு பேரையும் அடிவிலைக்கே எடுத்தால் 16.5. ஆடுகிற பதினோரு பேருக்கு 83.5 மிஞ்சும். தலைக்குச் சுமார் 7.6. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நானும் ஒரு வருஷம் அப்படித்தான் வைத்தேன். நாலு பேரும் அவரவர் கிளப்பிலேயே பெஞ்சைத் தேய்க்கிற ஆட்கள். டிசம்பரில் மூன்று நாலு நாளுக்கொரு ஆட்டம் வரும், பயிற்சியாளர்கள் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஒரே வாரத்தில் என் பதினோரு பேரில் மூன்று பேர் இறங்கவில்லை. அவர்கள் இடத்துக்கு வர பெஞ்சில் ஒருத்தனும் ஆடியிருக்கவில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன். எதிராளி கடையில் வந்து சிரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம்: பெஞ்சின் முதல் ஆளுக்கு மட்டும் அரையோ முக்காலோ மில்லியன் கூடப் போடுவேன். பெரிய ஆட்டக்காரன் வேண்டாம், தன் கிளப்புக்கு வாரம் தவறாமல் 90 நிமிடமும் நிற்பவனாக இருந்தால் போதும். மற்ற மூன்று பேர் யாராக இருந்தாலும் சரி. இன்னொன்றையும் பார்த்துக்கொள். களத்தில் மூன்று டிஃபெண்டராவது இருந்தாக வேண்டும் என்பது விதி. நீ மூன்றே டிஃபெண்டரை இறக்கி, அதில் ஒருவன் ஆடாமல் போனால், பெஞ்சில் ஆடின டிஃபெண்டர் இருந்தால்தான் அந்த இடம் நிரம்பும். முதல் ஆள் மிட்ஃபீல்டராக இருந்தால் அவன் வேடிக்கைதான் பார்ப்பான்.

திருமங்கலம் வாத்தியார்: ஒரு மில்லியனுக்கு எத்தனை பாயிண்ட் என்று எக்செல்லில் வகுத்துப் பார்த்தேன். மலிவான டிஃபெண்டரும் கீப்பரும்தான் மேலே வருகிறார்கள். பதினைந்து பேரையும் அப்படியே எடுத்துவிட்டால் என்ன?

சார், வகுத்தல் சரிதான். எதை வகுத்தீர்கள் என்பதில்தான் சிக்கல்.

ஒருவர் 60 நிமிடம் நின்றாலே இரண்டு பாயிண்ட். சீசனுக்கு 38 ஆட்டம். கோல் போடாமல், அடுத்தவர் போடப் பந்து கொடுக்காமல், மரம் மாதிரி நின்றாலும் 76. இது சும்மா வந்து நின்றதற்கான கூலி, 4.5 ஆளுக்கும் உண்டு, 14 ஆளுக்கும் உண்டு. நாம் கூடுதல் காசு கொடுப்பதே 76-க்கு மேல் வருவதற்காக.

இப்போது இரண்டு பேரை எடுங்கள். 2019-20 சீசனில் ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ரம், விலை 4.0, எடுத்த பாயிண்ட் 144. உங்கள் கணக்கில் மில்லியனுக்கு 36. 2024-25-ல் லிவர்பூலின் முகமது சலா, விலை 12.5, எடுத்தது 344. மில்லியனுக்கு 27.5. லண்ட்ஸ்ட்ரம் ஜெயித்துவிட்டார். 76-ஐக் கழித்துப் பாருங்கள்: அவருக்கு 68, சலாவுக்கு 268. கேப்டன் இரட்டிப்பைச் சேர்த்தால் சலா எங்கேயோ போய்விடுவார்.

இடம் பதினொன்றுதான் சார். ஒவ்வொரு இடத்திலிருந்தும் எவ்வளவு வருகிறது என்பதே முக்கியம். பதினைந்து பேரையும் 4.5-க்கு வாங்கினால் 67.5 ஆகும், 32.5 மில்லியன் பெட்டியில் கிடக்கும். சீசன் முடிவில் மீந்த காசுக்கு ஒரு பாயிண்டும் தரமாட்டார்கள். லண்ட்ஸ்ட்ரம் மாதிரி ஆட்களின் பெருமையே வேறு: அவர்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கிற காசில்தான் சலாவை வாங்குகிறோம்.

அவனியாபுரம் மாப்ள: ஹாலண்டு, சலா ரெண்டு பேரையும் தூக்கிடவா மாமா?

2025-26 தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டு 14.0, சலா 14.5. இரண்டும் சேர்ந்து 28.5. மேலே சொன்ன 83.5-ல் கழித்தால் 55, அதில் ஒன்பது பேர், தலைக்கு 6.1. ஒருவரை மட்டும் 14-க்கு எடுத்தால் மிச்சப் பத்துப் பேருக்குத் தலைக்கு 6.95. கேப்டன் பட்டை ஒரு கைக்குத்தான் மாப்ள. இரண்டாவது ஆளுக்கு 14 கொடுத்துவிட்டு அவர் போடுகிற கோலுக்கு இரட்டிக்காத பாயிண்டு வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

போன வருஷம் ஆடினதைப் பார்த்து இந்த வருஷம் விலை வைக்கிறார்கள் என்பதையும் மறக்காதே. லெஸ்டர் சிட்டி கோப்பை வாங்கின 2015-16-ல் ரியாத் மாரெஸ் 5.5-க்குக் கிடைத்தார், 17 கோல் போட்டார். அடுத்த சீசன் விலை 9.5. லீக்கில் போட்ட கோல் 6. அறுவடை முடிந்தபிறகு குத்தகை எடுத்த மாதிரி.

மேலூரிலிருந்து ஒரு தங்கச்சி: 2023-ல கோல் பால்மர்ங்கிற ஆளு 5.0-க்குக் கிடைச்சாராமே. அடுத்த பால்மரை எப்படிண்ணே முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது?

முன்கூட்டியே யாரும் கண்டுபிடிக்கவில்லைம்மா. சீக்கிரம் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

2023 செப்டம்பர் முதல் தேதி மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்தார். சிட்டியில் பெஞ்சில் இருந்த பையன் என்பதால் விலை 5.0. அந்த சீசனில் 22 கோல், எஃப்.பி.எல்.லில் 244 பாயிண்ட். அடுத்த வருஷம் 10.5 ஆக்கிவிட்டார்கள். அந்த 22-ல் 9 பெனால்ட்டி. எனக்கு மணி அடித்தது அதில்தான். கிளப்பில் புதிதாக வந்த பையன் பந்தை வாங்கி பெனால்ட்டி புள்ளியில் வைக்கிறான், மூத்தவர்கள் விலகி நிற்கிறார்கள். அதைப் பார்த்த அன்றே வாங்கியிருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தேன்.

ஆகவே கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றைப் பார். ஒன்று, பெனால்ட்டியும் ஃப்ரீ கிக்கும் யார் அடிக்கிறார்கள். இரண்டு, 60 நிமிடத்தைத் தாண்டி நிற்கிறாரா, 58-ல் வெளியே கூப்பிட்டுவிடுகிறார்களா. அந்த இரண்டு நிமிடம் ஒரு பாயிண்ட், மிட்ஃபீல்டர் என்றால் கிளீன் ஷீட்டுக்கு, அதாவது அணி கோல் வாங்காததற்கு, வருவதும் சேர்ந்து போகும். மூன்று, பட்டியலில் போட்டிருக்கிற இடமும் களத்தில் ஆடுகிற இடமும் ஒன்றுதானா. லண்ட்ஸ்ட்ரம் கதை அதுதான்: பட்டியலில் டிஃபெண்டர், ஆடினது நடுக்களத்தில். டிஃபெண்டர் கோல் போட்டால் 6, மிட்ஃபீல்டருக்கு 5, ஃபார்வர்டுக்கு 4. கோல் வாங்காவிட்டால் டிஃபெண்டருக்கு 4. மிட்ஃபீல்டர் வேலை பார்த்துக்கொண்டு டிஃபெண்டர் சம்பளம் வாங்கினார் மனுஷன்.

உசிலம்பட்டி நண்பர்: டிஃபென்ஸ்ல காசு போடலாமா, வேணாமா?

முன்பெல்லாம் பெரிய கிளப் டிஃபெண்டர் இரண்டு பேர், மிச்சம் சல்லிசு என்று முடித்துவிடுவேன். 2025-26-ல் ஒரு விதி வந்து என் பழக்கத்தை மாற்றியது. ஒரு டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் பந்தை வெளியே அடிப்பது, குறுக்கே விழுந்து தடுப்பது, இடைமறிப்பது, காலில் பறிப்பது எல்லாம் சேர்த்துப் பத்தைத் தொட்டால் 2 பாயிண்ட். இருபது தொட்டாலும் அதே 2-தான். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பன்னிரண்டு, பந்தை மீட்பதும் அவர்களுக்குக் கணக்கில் சேரும். கீப்பருக்குக் கிடையாது.

இதில் லாபம் சின்ன கிளப்பின் சென்டர் பேக்குக்கு, அதாவது நடுவில் நிற்கிற டிஃபெண்டருக்கு. அவர் அணி பெரும்பாலும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும், பந்து இவர் தலைக்கு வந்துகொண்டே இருக்கும். 4.5-க்குக் கிடைப்பவர் தோற்ற ஆட்டத்திலும் நாலு பாயிண்டோடு வருவார். ரொம்பத் தோற்றால் மட்டும் கஷ்டம், இரண்டு கோலுக்கு ஒன்று கழிப்பார்கள். பக்கவாட்டில் ஓடுகிற ஃபுல் பேக்குகள் பத்தைத் தொடுவது குறைவு. அவர்களை ஓரத்திலிருந்து அடிக்கிற கிராஸுக்கும், அடுத்தவர் கோல் போடக் கொடுக்கிற அசிஸ்ட்டுக்கும் வாங்க வேண்டும், அது பெரிய கிளப்பில்தான் நடக்கும்.

அதே நண்பர்: கீப்பர்?

நடுத்தரமான கிளப்பில் 4.5 அல்லது 5.0-க்கு ஒருவர். மூன்று தடுப்புக்கு ஒரு பாயிண்ட் வருகிறது. அதற்கு மேல் கீப்பருக்குக் கொடுக்கிற காசு வீண்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து: நாங்க வெங்காயம் ஏத்தத்துல வித்துப் பழகினவய்ங்க. இதுலயும் ஆள் விலை ஏறுதாமே, ஏறுறதுக்கு முன்னாடி வாங்கி வித்து காசு பாக்க முடியாதா?

நிறையப் பேர் வாங்கினால் விலை 0.1 ஏறும், விற்றால் இறங்கும். காலையில் எழுந்து பார்த்தால் மாறியிருக்கும். ஆனால் இங்கே கமிஷன் பலமாக இருக்கிறது அண்ணாச்சி: லாபத்தில் பாதிதான் கைக்கு வரும், அதையும் கீழ்நோக்கி முழுமையாக்குவார்கள். 5.0-க்கு வாங்கினவர் 5.3 ஆனால் விற்கும்போது கிடைப்பது 5.1. இறங்கினால் மட்டும் நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்.

அந்த 0.1-க்காக ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் வந்து "அவருக்குத் தொடையில் பிடிப்பு" என்று சொல்லும்போது முழிக்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். பயன்படுத்தாமல் ஐந்து வரை சேர்த்துவைக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 பாயிண்ட் பிடிப்பார்கள். சேர்த்துவைத்த இலவச மாற்றம் 0.1-ஐ விட எவ்வளவோ பெறும்.

திருப்பரங்குன்றம்: ஒரே கிளப்புல எத்தனை பேரு?

அதிகபட்சம் மூன்று.

தல்லாகுளம் விடுதி மாணவர்: ரெண்டு வாரமா அணி மாத்துற டெட்லைனைக் கோட்டை விட்டுட்டேன். சனிக்கிழமை எத்தனை மணிக்குத்தான் மூடுறாங்க?

வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்பு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30 ஆட்டம் என்றால் நமக்கு மாலை 5 மணி, டெட்லைன் 3.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தபிறகு 6 மணியும் 4.30-ம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் இருக்கிற வாரம்தான் ஆளைக் கவிழ்க்கும், ஒரு நாள் முன்னதாகவே மூடிவிடுவார்கள்.

மூன்றரை மணி எனக்கு ரொம்பக் கொடுமையான நேரம். சனிக்கிழமை லோடுமேன்களுக்குக் கூலி பட்டுவாடா. இடது கையில் கூலி நோட்டு, வலது கையில் போன். ஒரு தடவை ஒருவருக்கு எண்ணூற்றைம்பதுக்குப் பதில் எண்ணூற்றைந்து எண்ணிக் கொடுத்துவிட்டேன். "யாருண்ணே கேப்டன்?" என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்டார். இப்போதெல்லாம் வெள்ளி ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் அணியைப் போட்டுவைத்துவிடுகிறேன்.

சிம்மக்கல்: ஆளுக்கு ஐந்நூறு போட்டு லீக் நடத்துவோமா? ஜெயிச்சவனுக்கு மொத்தமும்.

வேண்டாம் தம்பி. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டமே போட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. எங்கள் லீக்கில் கடைசியாக வருபவர் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். சால்னா கணக்கில் வராது.

வில்லாபுரம்: எல்லாம் வாங்கி முடிச்சுட்டேன், 0.5 மிச்சம். எதுல போடட்டும்?

போடாதே, வைத்திரு. முதல் மூன்று வாரத்தில் எவனாவது ஒரு 5.0 ஆள் மேலே வருவான். உன்னிடம் 4.5 ஆள் இருப்பான். அந்த அரை மில்லியன் இல்லாதவன் ஒருவனை வாங்க இருவரை விற்க வேண்டியிருக்கும், நாலு பாயிண்ட் போகும். நாலாவது வாரமும் பெட்டியில் கிடந்தால் டிஃபெண்டரை உயர்த்து.

பெயர் போடாத ஒருவர்: இவ்வளவு பேசுறீங்களே, போன சீசன் உங்க லீக்ல நீங்க எத்தனாவது?

நாலாவது. முதலாவது வந்தது ஆனையூர் அக்கா மகன்.