வேலை நடக்கும் வீட்டிலேயே குடியிருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு 1988-இல் கட்டியது. தரையை உடைத்து டைல்ஸ் பதிப்பது, இரண்டு கழிவறைகளையும் புதுப்பிப்பது, வயரிங்கை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க எண்ணுகிறோம். நான்கு மாதம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. மாமியாருக்கு ஆஸ்துமா, மகனுக்கு மூன்று வயது. வாடகை வீட்டுக்குப் போக வசதி இல்லாததால், அறை அறையாக ஒதுங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்களும் கணவரும் இருக்கலாம். மாமியாரும் குழந்தையும் நான்கு மாதமும் அங்கே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரை உடைக்கும்போதும், வயரிங் குழாய்க்காகச் சுவரைக் கொத்தும்போதும் எழும் தூசியில் சிலிக்கா என்ற மணல் கனிமம் கலந்திருக்கும். அதன் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல், ஆட்கள் வீடு திரும்பிய பிறகும் நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. பழைய பெயின்ட் அதைவிடக் கவலை தருகிறது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், உங்கள் சுவரின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தரையில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் வயதில் அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போட விடாதீர்கள். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

எனவே உடைப்பது, கொத்துவது, சுரண்டுவது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே அடுத்தடுத்து முடித்துத் தரும்படி மேஸ்திரியிடம் கேளுங்கள். அந்த வாரங்களுக்கு மட்டும் இருவரும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். வீட்டை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்த பின், பூச்சு வேலை நடந்து சுவருக்குத் தண்ணீர் விடும் நாட்களில் தூசி குறைவாக இருக்கும் என்பதால் திரும்பி வரலாம். பட்டி தேய்த்துப் பெயின்ட் அடிக்கும்போது மறுபடியும் வெளியே இருப்பதே மாமியாருக்கு நல்லது. டைல்ஸை வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றியே அறுக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் மின்கருவி ஓடுவதால், வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சைப் பொருத்திவிடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. நாள் முழுதும் அந்தத் தூசியிலேயே நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் நுரையீரலும் நுரையீரல்தானே.

இரண்டு கழிவறைகளையும் ஒரே நேரத்தில் உடைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஒன்றில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, ஒரு நாளாவது தண்ணீரைத் தேக்கிப் பார்த்து, டைல்ஸ் பதித்துப் புழக்கத்துக்கு வந்த பிறகே மற்றொன்றில் கை வைக்க வேண்டும். சமையலறைக்கு ஹாலின் ஜன்னலோர மூலை போதும்; கேஸ் அடுப்பை இடம் மாற்ற ஏஜென்சி மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் நடக்கும் தவறு ஒன்றுண்டு: நடக்க இடமில்லை, எங்கும் ஈரம் என்று நாமே சலித்துக்கொள்ள, மேஸ்திரியும் தண்ணீர் விடுவதை இரண்டே நாளில் நிறுத்திவிடுவார். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிபிசி (போர்ட்லண்ட் போசலோனா) வகைச் சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும். அதன்பின் சுவர் நன்றாக உலர்ந்த பிறகுதான் பட்டி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் உரிந்து வரும். இந்த வரிசையை முன்பே தாளில் எழுதி நீங்களும் மேஸ்திரியும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே அதற்குரிய பணத்தைக் கொடுங்கள்.