சினைப்பைக் கட்டி ஆபரேஷன் முடிந்து வலியே இல்லை, மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகணுமா?

போகணும். வலி இல்லை, தையல் காய்ந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், இடது பக்கச் சினைப்பைக் கட்டியை எடுத்துப் பத்து நாள் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன், திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் மாறி மாறித் தஞ்சாவூர் வரை இன்னொரு தடவை அலையத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தஞ்சாவூரில்தான் ஆபரேஷன் நடந்தது, ஊர் மன்னார்குடி பக்கம். வயிற்றில் தையலோடு அந்த ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன், போய்விட்டு வாருங்கள்.

முக்கியமான காரணம் பயாப்சி ரிப்போர்ட், அதாவது எடுத்த கட்டியை லேபில் சோதித்துத் தருகிற முடிவு. எனக்கு ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கெடாமல் இருக்கப் பார்மலின் திரவத்தில் போட்டு, மேலே என் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டி, வீட்டுக்காரர் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் நாம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிடுகிறோம், அப்புறம் கட்டியைத்தான் எடுத்தாச்சே என்று அந்த ரிப்போர்ட்டை வாங்கப் போவதற்கு ஆளே இருப்பதில்லை. ஆனால் ஸ்கேனில் பார்த்து டாக்டர் சொல்வது ஓரளவுக்கு ஊகம்தான். அது என்ன வகைக் கட்டி என்று உறுதியாகச் சொல்வது பயாப்சி. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, மாதவிலக்கு நிற்காத வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனாலும் இனி உங்களுக்கு மாத்திரை வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், ஒன்றுமே தேவையில்லையா என்பதெல்லாம் அந்த ஒரு காகிதத்தை வைத்துத்தான் முடிவாகும்.

சாதாரண நீர்க்கட்டி என்று வந்தால் பெரிய வேலை ஒன்றும் இருக்காது. டெர்மாய்டு என்றால், அதாவது உள்ளே ரோமமும் கொழுப்பும், சில சமயம் பல்லும்கூட இருக்கிற கட்டி, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இரண்டு சினைப்பையிலும் வரும், அதனால் வலது பக்கத்தையும் கவனித்து வருவார்கள். எனக்கு வந்தது சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸால் வருவது, அதாவது கருப்பைக்குள் இருக்கிற சவ்வு மாதிரியான சதை கருப்பைக்கு வெளியே வளர்கிற கோளாறு. டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: ஆபரேஷன் கட்டியைத்தான் எடுத்திருக்கிறது, அதை உண்டாக்கிய கோளாறு உடம்பில் இருக்கிறது, சும்மா விட்டால் திரும்ப வரலாம். அதற்காகத்தான் டையனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை எழுதினார். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு அந்த மாத்திரை ஒத்துவராது, அவர்களுக்கு வழி வேறு. இந்த வகைக் கட்டியை எடுக்கும்போது கருமுட்டை இருப்பும் கொஞ்சம் குறையலாம் என்பதால், குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதை முதல் ரிவியூவிலேயே வாய் திறந்து கேட்டுவிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று கூச்சப்பட்டால், இரண்டு நிமிடம் தனியாகப் பேசணும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள். ஒரு சினைப்பையையே எடுத்திருந்தாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் மாதவிலக்கும் வரும், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம், இதைச் சொந்தக்காரர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது வேலை. வெளியே அரை அங்குலத் தழும்புதான் தெரிகிறது, அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே சதை சேர இன்னும் நாளாகும். தொப்புளில் போட்ட துளைதான் பெரும்பாலும் பெரியது, சீக்கிரமே பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் ஆகிவிடலாம். தண்ணீர்க் குடம், கஞ்சி வடிக்கிற பெரிய பானை, கிரைண்டர் குழவி எதையும் தொடாதீர்கள். எங்கள் பக்கத்தில் நடவு சீசன் வந்தால் கூலி போய்விடுமே என்று தையல் பிரித்த கையோடு வயலில் இறங்குகிற பெண்களைப் பார்க்கிறேன், நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கிற வேலை அது, மனது பதறுகிறது. லேப்ராஸ்கோப்பி என்றாலும் அந்த மாதிரி வேலைக்கு எப்போது போகலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் போகணும், வயிற்றைக் கிழித்துச் செய்தவர்களுக்கு ஆறு வாரமாவது வேண்டும். காயம் முழுக்க ஆறும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் குளிக்காதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய் ஒன்றும் தடவ வேண்டாம், சுத்தமாக, ஈரம் இல்லாமல் இருந்தால் போதும்.

பத்தியம் என்று பட்டினி போடுவார்கள். தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் வைக்கும் என்று எங்கள் அப்பாயி சொம்பையே ஒளித்து வைத்தார்! பாசம்தான், ஆனால் உண்மை நேர் எதிர். தண்ணீரும் கீரையும் பழமும் இல்லாவிட்டால் மலச்சிக்கல் வந்து, முக்கும்போதுதான் தையல் வலிக்கும். வீட்டுக்குள்ளேயாவது நடந்துகொண்டே இருங்கள், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம்.

முதல் மாதவிலக்கு முன்னே பின்னே வரும், கொஞ்சம் அதிகமாகவும் போகும், அது பரவாயில்லை. ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது நாற்றம், வயிறு உப்பி வாந்தி, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைகிற உதிரப்போக்கு, ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலி, சிறுநீர் போகாமல் அடைப்பது, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் ரிவியூ தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மூச்சுத் திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டால் வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஸ்கேன் எந்த மாதம், அதைத் திருத்துறைப்பூண்டியிலேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். எனக்கு மன்னார்குடியிலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள், பாதி அலைச்சல் குறைந்தது.